முன்பாரம், பின்பாரம்

பி.காம். படித்தவனிடம் டிராக்டரைப் பற்றி யாரும் யோசனை கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. ஆனால் எங்கள் பெரியப்பா கேட்டார். 'கேட்டார்' என்பதுகூட மரியாதைக்காகச் சொல்கிற வார்த்தை. "நீ கணக்குதானே படிச்சே? மூணு வருஷம் ஃபீஸ் கட்டியிருக்கோம். இதைப் போட்டுச் சொல்லு" என்றார்.

நான் இருப்பது ஸ்ரீரங்கத்தில். பெரியப்பாவின் வாழைத் தோப்பு கொள்ளிடத்துக்கு அக்கரையில், நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி நொச்சியம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் போனால், மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு, சாயங்காலம் ஒரு சீப்பு பூவன் என்று வரவு கிடைக்கும். செலவு, பெரியப்பாவின் பேச்சைக் கேட்பது மட்டும்தான். நியாயமான வியாபாரம்.

போன ஐப்பசிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் தன் பழைய டிராக்டருக்கு முன்பக்கம் ஒரு லோடர் வாங்கி மாட்டினார். இரண்டு இரும்புக் கை, நுனியில் ஒரு பக்கெட். வாய்க்கால் தூர் வாரின மண்ணை அள்ளலாம், எருவை அள்ளலாம், கல்யாண மண்டபத்துக் குப்பையைக்கூட வாடகைக்கு அள்ளலாம். "ஜே.சி.பி.காரன் மணிக்கு இவ்வளவுங்கறான், நான் அதுல பாதிக்குப் போவேன்" என்று வியாபாரத் திட்டமே வைத்திருந்தார். பெயின்ட் காய்வதற்குள் கண்ணாடித் தாள் மாலை வேறு போட்டாகிவிட்டது.

முதல் நாள், மழையில் நனைந்த வண்டலில் பக்கெட்டைக் குத்தித் தூக்கினார். பக்கெட் ஒரு முழம் எழும்பியது. அதோடு டிராக்டரின் பின் சக்கரமும் ஒரு சாண் எழும்பியது. சீட்டில் இருந்த பெரியப்பா, குதிரை மேல் இருக்கிற ராஜா மாதிரி அந்தரத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்னடா பண்றது இப்போ?" என்று கேட்டார்.

உங்களில் ஆபீஸ் போகிறவர்களுக்கு இது புரிய டிராக்டர் வேண்டாம். நாற்காலியில் சாய்ந்து ஆடியிருப்பீர்கள். டிவிஎஸ் 50-இல் பின்னால் மூன்று மூட்டை அரிசி கட்டிக்கொண்டு போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மேட்டில் ஏறும்போது அவருடைய முன் சக்கரம் ரோட்டை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கும். அதே சமாசாரம்தான், திசை மட்டும் வேறே. மாட்டு வண்டி ஓட்டினவர்களுக்கு இதற்கு அழகாக இரண்டு வார்த்தை உண்டு: முன்பாரம், பின்பாரம். முன்பாரம் ஜாஸ்தியானால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் ஜாஸ்தியானால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டுக்குத் தூக்குக் கயிறு. அதனால் வண்டிக்காரர் மூட்டையை ஏற்றிவிட்டு, தான் எங்கே உட்காருவது என்பதை வைத்துக் கடைசிப் பைசா வரை சரிக்கட்டுவார். எந்தக் காலேஜிலும் படிக்காத பேலன்ஸ் ஷீட்.

பெரியப்பாவுக்கும் அது தெரியும். ஆகவே அவர் சட்டென்று கண்டுபிடித்த தீர்வு: "பின்னால ஒரு ஆள் ஏறி நில்லுங்கடா!"

தோப்பில் வேலை செய்கிற பையன் ஒருத்தன். பத்தொன்பது வயசு. ஐ.டி.ஐ. சேர வேண்டும் என்று அப்ளிகேஷன் வாங்கி வைத்திருந்தான். அவன் தயங்கினான். பெரியப்பா சொன்னதற்கு அல்ல, நான் சொன்னதற்குத்தான் அவன் ஏறினான் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும். "ஏறி நில்லுப்பா, ஒண்ணும் ஆகாது. ரெண்டு நிமிஷம்" என்று சொன்னது நான். படித்தவன் சொல்கிறானே என்று அவன் பின்னால் கலப்பை மாட்டுகிற இரண்டு கைகள் மேலும் காலை வைத்து, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சக்கரம் கீழே இறங்கியது. எனக்குப் பெருமை. இரண்டு நடை மண் போயிற்று. மூன்றாவது நடையில் டிரெய்லர் மேல் பக்கெட்டை உயர்த்திக் கவிழ்த்தார். ஈர மண், ஒட்டிக்கொண்டு நின்று, மொத்தமாய் ஒரே சமயத்தில் விழுந்தது. முன்னால் இருந்த பாரம் ஒரு நொடியில் காணாமல் போனால் என்ன ஆகும்? மறுபடி ஒரு சாண் எழும்பியிருந்த பின்பக்கம் 'தொம்' என்று தரையில் குதித்தது. பையன் பிடி விட்டு, கையில் மோதி, கீழே விழுந்தான். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. டிராக்டர் அந்தச் சமயத்தில் ரிவர்ஸில் வந்திருந்தால் நான் இந்தப் பத்தியை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

டோல்கேட்டிலிருந்து கொள்ளிடம் பாலம் வழியாகத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போது அவன் கத்தவில்லை. "அண்ணே, டிராக்டருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டான். 

* * *

அன்று ராத்திரி ஸ்ரீரங்கத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்து, ராஜகோபுர விளக்கைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கணக்கைப் போட்டேன். காலையில் போட்டிருக்க வேண்டிய கணக்கு.

ரொம்பச் சுலபம். பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புத் தராசுக் கணக்குதான். முன் அச்சுதான் தராசின் முள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே இரண்டு மீட்டர் என்று வையுங்கள். பக்கெட்டின் நடு, முன் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால். பக்கெட்டில் 500 கிலோ மண். 500-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 750. அதை இரண்டால் வகுத்தால் 375. அதாவது பின் சக்கரங்கள் மேல் இருக்கிற எடையில் 375 கிலோ காணாமல் போகிறது. எங்கேயும் போகவில்லை, முன் அச்சின் தலையில் போய் உட்காருகிறது. 500 கிலோ மண்ணையும் 375 கிலோவையும் சேர்த்து, முன் அச்சுக்கு 875. லோடரின் சொந்த எடை இதில் சேரவில்லை, அது தனிப் பற்று.

மண் நனைந்திருந்தால் இன்னும் மோசம். காய்ந்த மணல் ஒரு கன மீட்டர் சுமார் 1,600 கிலோ. நனைந்தால் 1,900-த்தைத் தாண்டும். பக்கெட் அதே பக்கெட், அள்ளுகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. சக்கரத்துக்குத் தெரியும்.

இதில் இன்னொரு வில்லங்கம். நம் ஊரில் ஓடுகிற சாதாரண டிராக்டருக்கு பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான். இழுக்கிற சக்தியும் பின் சக்கரத்தில்தான். பின்பக்கம் லேசானால் வண்டி இழுக்காது, அது பரவாயில்லை. நிற்காது, அதுதான் விஷயம். கரைச் சரிவில் இறங்கும்போது பக்கெட்டில் பாரம், பின் சக்கரம் தரையை லேசாக முத்தமிட்டுக்கொண்டு போகிறது, பிரேக்கை மிதிக்கிறீர்கள், சக்கரம் சமர்த்தாக நிற்கிறது, டிராக்டர் தன்பாட்டுக்குப் போகிறது.

இனி அந்தப் பையன். எடை 60 கிலோ. பின் அச்சுக்கு முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் பின்னால் நின்றான். 0.8 மீட்டர் என்று வைத்துப் போட்டால், பின் சக்கரத்துக்கு அவனால் கிடைத்தது 84 கிலோ. தேவை 375. மீதி 291-க்கு என்ன வழி? ஒன்றும் இல்லை. டிராக்டரின் சொந்த எடை கொஞ்சம் தாங்கியது, பெரியப்பா அடுத்த நடையில் பக்கெட்டில் கொஞ்சம் குறைத்து அள்ளியிருப்பார், அவ்வளவுதான். ஆக, நாங்கள் அவனை நிறுத்தியதால் ஆபத்து வந்தது என்பது மட்டும் இல்லை. நிறுத்தியதால் பெரிதாய் உபயோகமும் இல்லை. இந்தப் பாகம்தான் எனக்குத் தூக்கம் வராமல் பண்ணியது.

* * *

ஆளை எடைக்கல்லாக வைப்பது பெரியப்பாவின் கண்டுபிடிப்பு அல்ல. கரும்பு ஏற்றின டிராக்டர் மேட்டில் ஏறும்போது முன் பம்பரில் நாலு பேர் உட்கார்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன்னால் ஏற்றம். பம்ப்செட் வருவதற்கு முன் நம் கிணறுகளில் தண்ணீர் இறைத்தது அதுதான். நடுவில் ஒரு கால், அதன்மேல் நீளத் துலா, ஒரு நுனியில் கழியில் தொங்குகிற சால். துலா மேல் ஒருவரோ இருவரோ வெறுங்காலோடு முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் இறங்கும், திரும்பி நடந்தால் ஏறும். மனுஷனே எதிர் எடை. கால் வழுக்கினால் கீழே கிணறு. ஏற்றப்பாட்டு இனிமைதான். பாடிக்கொண்டே விழுந்தவர்களைப் பற்றிப் பாட்டு உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்கள் எதிர் எடை என்றால் சும்மா விடமாட்டார்கள். 1251-இல் பட்டத்துக்கு வந்த ஜடாவர்மன் சுந்தரபாண்டியன் இங்கே வந்து துலாபாரம் கொடுத்ததைக் கோயிலொழுகு சொல்கிறது. ராஜா தனியாகத் தராசில் உட்காரவில்லை. பட்டத்து யானை மேல் ஏறி, யானையோடு ஒரு ஓடத்தில் நின்றார். பக்கத்தில் அதே அளவில் இன்னொரு ஓடம். இரண்டும் தண்ணீரில் சமமாக அமிழும்வரை அதில் பொன்னையும் மணியையும் கொட்டினார்களாம். என்ன மூளை பாருங்கள்! யானைக்குத் தராசு கிடைக்காது, காவிரியையே தராசாக்கிவிட்டார். ஆனால் அங்கேயும் கவனியுங்கள்: ஒரு தட்டில் ராஜா, மறு தட்டில் தங்கம். பையன் யாரையும் நிறுத்தவில்லை.

டிராக்டரின் பின்னால் இருக்கிற அந்த இரண்டு கையும், மேலே ஒரு டாப் லிங்க்கும் வந்த கதையிலேயே சாவு இருக்கிறது. 1884-இல் பிறந்த ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர், 1917-இல், முதல் உலக யுத்தத்தின் நடுவே, உழவு டிராக்டர்களைச் சீர்படுத்துகிற சர்க்கார் வேலையில் ஊர் ஊராகப் போனார். அந்தக் காலத்தில் கலப்பையைச் சங்கிலி போட்டு இழுப்பார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் டிராக்டர் பின்னங்காலில் எழுந்து ஓட்டுகிறவர் மேலேயே மல்லாக்க விழும். இதற்கு மருந்தாகத்தான் மூன்று இடத்தில் பிடிக்கிற இணைப்பை அவர் யோசித்துச் செய்து முடித்தார். ஹென்றி ஃபோர்டோடு 1938-இல் வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம் பேசி, 1939-இல் அந்த டிராக்டர் வெளிவந்தது. கைகுலுக்கல் ஒப்பந்தம் பிற்பாடு கோர்ட்டில் முடிந்தது. கம்பெனி லா பேப்பரில் இரண்டு முறை உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அவர் பெயரில் பாதியைத்தான், 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி வழியாக, நம் வயல்களில் மாஸ்ஸி ஃபெர்குசன் என்று பார்க்கிறோம்.

ஆள் சாகாமல் இருக்கக் கண்டுபிடித்த அந்தக் கை மேல்தான் நான் ஓர் ஆளை ஏற்றி நிறுத்தினேன்.

* * *

மறு ஞாயிறு பெரியப்பாவிடம் கணக்கைக் காட்டினேன். காகிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு தடவை பார்த்தார்.

"அப்ப மணல் மூட்டை கட்டிடலாம்."

"மூட்டை நழுவும் பெரியப்பா."

"2018-ல முக்கொம்புல 9 மதகு போச்சே, ஆகஸ்ட் மாசம். அங்கயே மூட்டைதாண்டா போட்டு அடைச்சாங்க. கவர்மென்ட்டே மூட்டை போடுது, நான் போடக் கூடாதா?"

முக்கொம்பு அணை குலுங்கிக்கொண்டே வாழைக் கொல்லைக்குள் ஓடுவதில்லை என்று எடுத்துச் சொன்னேன்.

அடுத்த யோசனை, டயருக்குள் தண்ணீர். இது நல்ல யோசனைதான், எல்லாரும் செய்வதுதான். 13.6-28 அளவுப் பின் டயரில் முக்கால் பங்கு நிரப்பினால் ஒன்றுக்கு சுமார் 200 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்கும் 400 கிலோ, ஏறக்குறைய இலவசமாக. குளிர் தேசங்களில் தண்ணீர் உறையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு கரைக்கிறார்கள். திருச்சி வெயிலில் நமக்கு அந்தச் செலவு மிச்சம். ஆனால் டயர்த் தண்ணீர் பின் அச்சின் மேலேயே நிற்கிறது. 400 கொடுத்தால் 400 வரவு, அவ்வளவுதான். முன் அச்சின் பாரத்தை அது ஒரு கிலோகூடக் குறைக்காது. அதே 400 கிலோவை பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்கவிடுங்கள். பின் சக்கரத்துக்கு 600 கிலோ கிடைக்கும், முன் அச்சில் 200 குறையும். போட்டது 400, கிடைத்தது 600. இப்படி வட்டி கொடுக்கிற பாங்க் இருந்தால் சொல்லுங்கள்.

"இருநூறு சும்மா வருதா?" பெரியப்பாவுக்குச் சந்தேகம்.

"சும்மா இல்ல. முன் அச்சு கணக்குல பற்று எழுதி, பின் அச்சு கணக்குல வரவு வைக்கிறோம்."

"அப்படிச் சொல்லு." அவர் பழைய கணக்குப்பிள்ளையின் பிள்ளை. இந்தப் பாஷைதான் ஏறியது.

ரொட்டவேட்டரை மாட்டிக்கொண்டே ஓட்டலாம், பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அதுவும் எடைதான். ஆனால் அகலம். வாழை வரிசைக்கு நடுவில் அதை வைத்துக்கொண்டு திரும்பினால் தாரோடு மரம் போகும். கம்பெனியில் செய்த வெயிட்டுக்கு ஒரு கடையில் விலை கேட்டேன். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா கையை நீட்டிப் போனை வாங்கி வைத்துவிட்டார். ஆக, நாமே செய்வது என்று முடிவாயிற்று.

பெல் ஆலை வந்ததிலிருந்து திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பாய்லருக்குச் சாமான் செய்து பழகின கைகள். இந்த ஊர் வெல்டரைக் குறைத்து எடை போடாதீர்கள். தேர் நிற்க வேண்டுமென்றால் சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டையைத் தள்ளிவிட்டுக் கையை உருவிக்கொள்கிற ஆட்கள்தான் ஒரு காலத்தில் ஒரே பிரேக். திருவாரூர்த் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது திருச்சி பெல்தான். எங்கள் காரியம் அதற்கு முன்னால் கொசு.

நான் பிடித்த பட்டறைக்காரர் நான் வரைந்த படத்தைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். "சார் என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். "பத்திரிகைக்கு எழுதறேன்" என்றேன். "அதான்" என்று படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் சொன்னதைத்தான் செய்தோம்.

அவர் சொன்னது: 200 லிட்டர் இரும்பு பேரல் ஒன்று. ஒரு லிட்டர் கான்கிரீட் 2.4 கிலோ, ஆக நிரப்பினால் 480 கிலோ. பேரலின் குறுக்கே, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், பழைய லாரி ஆக்சில் துண்டு ஒன்று துளைத்துப் போக வேண்டும். இரண்டு முனையையும் டிராக்டர் கைகளின் உருண்டைத் துளைக்குத் தக்கபடி கடைந்து கொள்ள வேண்டும். சின்ன வண்டிக்கு 22 மில்லி, பெரிய வண்டிக்கு 28 மில்லி. "அளவு எடுக்காம வந்தா திருப்பி அனுப்புவேன்" என்றார். வெறும் ஆக்சிலைக் கான்கிரீட்டில் புதைத்தால் நாளடைவில் அது சுழல ஆரம்பித்துவிடுமாம். அதனால் அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு கட்டி வெல்டிங் வைத்தார். மேலே டாப் லிங்க்குக்கு இரண்டு தகடு, அவையும் பேரலின் தகரத்தில் இல்லை, உள்ளே இறங்கிக் கூண்டோடு சேர்ந்து. தகரம் துருப்பிடித்துப் போனாலும் சாமான் நிற்க வேண்டும் அல்லவா?

அடியில் நாலு கால் வைக்கச் சொன்னதும் அவர்தான். இது எனக்குத் தோன்றவே இல்லை. கழற்றி வைத்த பேரல் உருண்டு வந்தால் அரை டன். இன்னொரு கணுக்கால்.

பாலக்கரையில் பழைய இரும்பு 60 கிலோ வாங்கிக் கான்கிரீட்டோடு உள்ளே போட்டோம். உடைந்த பல்சக்கரம், தண்டவாளத் துண்டு, ஒரு தையல் மிஷின் கால்கூட இருந்தது. பெரியம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது நல்லா இருக்கே" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டதால் கணக்கில் நாலு கிலோ குறைந்தது.

மூன்றாம் நாளே மாட்டிப் பார்க்கலாம் என்றார் பெரியப்பா. கான்கிரீட்டுக்கு முழுப் பலம் வர 28 நாள். முதல் ஒரு வாரம் ஈரச் சாக்குப் போர்த்தித் தண்ணீர் விட வேண்டும். "பிரசவத்துக்குக்கூட இவ்வளவு பத்தியம் இல்லடா" என்று முனகினாலும், காலை மாலை அவரே தண்ணீர் ஊற்றினார். அதைச் செய்யும்போது அவர் யாரோடும் பேசவில்லை என்று பெரியம்மா சொன்னார்.

29-ஆம் நாள் மாட்டினோம். நேராக மண் அள்ளப் போகவில்லை. நான் பிடிவாதமாக ரோட்டோர எடை மேடைக்கு ஓட்டிப் போகச் சொன்னேன். பேரல் இல்லாமல் ஒரு தடவை, பேரலோடு ஒரு தடவை, இரண்டு தடவையும் பின் சக்கரங்களை மட்டும் மேடை மேல் நிறுத்தி. எடை மேடைக்காரர், லாரிகளைப் பார்த்தே பழகினவர், "முன்னாடி சக்கரத்தையும் ஏத்துங்க" என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பேரல் தனியாக 550 கிலோ. என் கணக்குப்படி பின் சக்கரத்துக்குக் கூட வேண்டியது 825. மேடை காட்டியது 790. பேரலின் நடு, பின் அச்சுக்கு ஒரு மீட்டர் என்று நான் எடுத்தது கொஞ்சம் தாராளம். 35 கிலோ வித்தியாசத்தை ஆடிட்டர்கள் மன்னிப்பார்கள்.

அதற்கப்புறம் ஈர மண், முழு பக்கெட். பின் சக்கரம் அசையவில்லை. பெரியப்பா பக்கெட்டைத் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு ஓடப் பார்த்தார், கத்தி நிறுத்தினேன். பேரல் மாட்டியிருக்கிறது என்பதற்காக பௌதிகம் லீவில் போய்விடுவதில்லை. பாரத்தோடு போகும்போது பக்கெட் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். சரிவில் இறங்கினால் ரிவர்ஸில் இறங்க வேண்டும், பாரம் மேட்டுப் பக்கம் இருக்கும். பக்கெட் காலி, பின்னால் பேரல் என்று கரை மேட்டில் ஏறினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. இதை அவர் ஒரு தடவை நிஜமாகவே செய்து பார்த்துவிட்டு, முகம் வெளுத்து வந்தார். "பின்பாரம்டா" என்றார். ஆமாம், பின்பாரம்.

* * *

கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். பேரல் 1,000, சிமென்ட் இரண்டு மூட்டை 800, ஜல்லி மணல் 600, ஆக்சில் 1,000, பழைய இரும்பு 2,100, பட்டறைக் கூலி 2,500, டீ வடை வகையறா 350. ஆக 8,350 ரூபாய். அதே பக்கத்தில், கோட்டுக்கு அந்தப் பக்கம், ஆஸ்பத்திரிச் செலவு 41,000. பெரியப்பா 30, நான் 11. பையனின் நாலு மாசச் சம்பளம் தனி. அந்த வருஷ ஐ.டி.ஐ. அட்மிஷன் போனது எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

பெரியப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "ரெண்டையும் ஏண்டா ஒரே பக்கத்துல எழுதினே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

தை மாசம் பையன் வந்தான். லேசாக இழுத்து நடக்கிறான், மழை நாளில் வலிக்கிறதாம். அவன் அம்மா சமயபுரத்துக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டு, போட்டுவிட்டும் வந்துவிட்டாள். அவன் பேரலைச் சுற்றி வந்தான், வெல்டிங்கைத் தடவிப் பார்த்தான், காலால் ஒரு உதை விட்டான். நல்ல காலால்தான்.

"இது எத்தனை கிலோண்ணே?"

"ஐந்நூத்தி அம்பது."

"நான் அறுபதுதானே?"

"ஆமா."

"அப்ப ஒம்போது பேரு நிக்கணும்" என்றான். மனக்கணக்கில் என்னைவிட வேகம்.

பக்கத்துத் தோப்புக்காரரும் லோடர் வாங்கியிருக்கிறார். போன மாசம் வந்து, "அந்தப் பேரலை ரெண்டு நாளைக்குக் குடுங்க" என்று கேட்டார். பெரியப்பா எதையும் இரவல் கொடுக்காதவர் இல்லை, கடப்பாரை முதல் கார் வரை கொடுப்பார். இதை மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். "சொந்தமா ஒண்ணு வார்த்துக்கங்க. பையனை அனுப்பி வைக்கிறேன், அளவெல்லாம் அவனுக்குத் தெரியும். ஐந்நூறு ரூபா குடுத்துடுங்க அவனுக்கு. அதுவரைக்கும் பின்னால ஆள் ஏத்தினீங்கன்னா நான் வந்து சாவியைப் பிடுங்கிடுவேன்."

இதுவரை மூன்று பேரல் வார்த்தாகிவிட்டது. நாலாவது இப்போது எங்கள் தோப்பு மோட்டார் கொட்டகை நிழலில் ஈரச் சாக்குப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பையன் இந்த வருஷம் ஐ.டி.ஐ. வெல்டர் டிரேடில் சேர்ந்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் விடுகிற வேலை எனக்கு.